காலைப் பிடித்தால் கோட்டுக்கு வர முடியவில்லையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வயது 22, எடை 68 கிலோ, ஊர்க் கபடிக் குழுவில் ரெய்டர் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன்). ஒரு வருடமாக ஜிம்மில் மார்பும் கையும்தான், ஒரு மூச்சில் 15 முறை (ரெப்ஸ்), அப்படி 4 சுற்று (செட்). உடம்பு ஏறிவிட்டது. ஆனால் கணுக்காலைப் பிடித்துவிட்டால் அசைய முடியவில்லை. பொங்கல் ஆட்டத்துக்குள் என்ன செய்யலாம்?

பதில்: காலைப் பிடித்தவனை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வருவது தொடை, பிட்டம், முதுகின் வேலை. அவற்றை ஒரு வருடமாகச் சும்மா விட்டுவிட்டீர்கள். 15 முறை தூக்க முடிகிற எடையில் தசை பருக்கும். பலம் அந்த அளவுக்கு ஏறாது.

வாரம் 3 நாள் போதும். முதலில் ஸ்குவாட், அதாவது தோளில் எடைக் கம்பியோடு உட்கார்ந்து எழுவது: 5 ரெப்ஸ், 4 செட். ஐந்தாவதை முடிக்கும்போது இன்னும் இரண்டு வரும் என்று தோன்றுகிற எடையை வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முட்டி கால்விரல் போகும் திசையிலேயே போகட்டும். இறங்கும் முன் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குங்கள். செட்டுக்கு நடுவில் 3 நிமிடம் உட்காருங்கள். கூட்டாளிகள் கேலி செய்வார்கள், செய்யட்டும். வாரம் 2.5 கிலோ ஏற்றலாம். வளைந்து நெளிந்துதான் தூக்க முடிகிறது என்றால் ஏற்ற வேண்டாம்.

அப்புறம் டெட்லிஃப்ட், அதாவது தரையில் இருக்கும் எடைக் கம்பியைத் தூக்கி நிமிர்வது: 5 ரெப்ஸ், 3 செட். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைத் தூக்குகிறவரைப் பாருங்கள், மூட்டை உடம்பை விட்டு விலகாது. எடைக் கம்பியும் அப்படித்தான், முழங்காலுக்குக் கீழே எலும்பை உரசியபடி மேலே வர வேண்டும். முதுகு மட்டும் வளையக் கூடாது. குறுவை அறுவடையில் மூட்டை சுமந்த நாள் என்றால் அன்று டெட்லிஃப்ட் வேண்டாம், அதுவே கணக்கில் சேர்ந்துவிடும்.

பலம் வந்தாலும் வேகம் தானாக வராது. எடையைத் தொடும் முன், உடம்பு சூடானதும், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுங்கள்: மூன்று தாவல், நான்கு தடவை. களைத்த பிறகு தாண்டினால் பயனில்லை. மார்புக்கான பெஞ்ச் பிரஸ் வாரம் ஒருமுறை இருக்கட்டும், ஆசைக்கு.

சாப்பாட்டில் உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 110 கிராம் அளவுக்குப் புரதம் தேவை. முட்டைக்கு 6 கிராம்தான். மீன், கொண்டைக்கடலை, தயிர் என்று கூட்டிப் பாருங்கள்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது செட்டைப் பாதியாகக் குறையுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். கடைசி இரண்டு நாள் ஜிம் பக்கமே போக வேண்டாம்.