காதல் முறிந்த கொஞ்ச நாளிலேயே இன்னொருவரைப் பிடித்துப்போனால், அது உண்மையான காதலா?

உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான் அமைந்தது. ஆனால் அந்த முதல் மாதத்தில் யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

கல்லூரியில் தொடங்கிய காதல். அவன் வீட்டில் பெண் பார்த்தார்கள், அவன் மறுக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஹாஸ்டல் அறையில் இருந்தால் கை தானாகப் போய் அவனுடைய வாட்ஸப் டிபியைத் திறக்கும். அதற்குப் பயந்தே காலையில் கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதி உண்டு. பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சிக் கூட்டம். நானும் குரூப் 2-க்குப் படிப்பதாகப் பேர்.

முதல்நிலைத் தேர்வின் 200 கேள்விகளில் 25 ஆப்டிட்யூட். எனக்கும் கணக்குக்கும் ஆகாது. பக்கத்தில் உட்கார்பவர் தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் டீ, அப்புறம் மத்தியானச் சாப்பாடு. சில வாரங்களில், அவர் வராத நாளில் படிப்பு ஓடவில்லை.

“இது ரீபவுண்டுடி, ஜாக்கிரதை” என்றார்கள் தோழிகள். ஒரு காதல் முறிந்த வலியில் அவசரமாகப் பற்றிக்கொள்ளும் உறவைத்தான் அப்படிச் சொல்வார்கள். பயந்துபோய் இணையத்தில் தேடினேன். ஹெலன் ஃபிஷர் என்ற மானுடவியலாளரின் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காதலில் கைவிடப்பட்ட 15 பேருக்குப் பழைய துணையின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். போதைப்பொருளுக்கு ஏங்கும்போது தூண்டப்படும் பகுதிகள் இதிலும் தூண்டப்பட்டனவாம். என் டிபி வியாதிக்குக் காரணம் தெரிந்தது. பிரம்பாக், ஃப்ரேலி என்ற இரு உளவியலாளர்களின் 2015 ஆய்வு வேறு மாதிரி. பிரிவுக்குப் பின் புதிய உறவில் இருந்தவர்களுக்கு, தனியாக இருந்தவர்களைவிடத் தன்னம்பிக்கை அதிகம், பழையவர் மேல் ஏக்கம் குறைவு. ஆனால் புது உறவால்தான் தேறினார்களா, தேறியவர்களுக்குத்தான் சீக்கிரம் உறவு அமைந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. என் தோழிகளின் வாயை அடைக்க அது போதவில்லை.

என் கணக்கு வேறு. நொந்து கிடக்கும்போது யார் அன்பாகப் பேசினாலும் காதல் மாதிரிதான் இருக்கும். அதனால் இனிப்பான நேரங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், எரிச்சலைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் இவர் ஃபோன் எடுக்காவிட்டால் எனக்கு வந்த கோபம் இவர் மேல் இல்லை. பழையவன் கடைசி நாட்களில் அப்படித்தான் எடுக்காமல் இருந்தான், அந்தக் கோபம். பிறகு ஒருநாள், நான் காசு கொடுத்து வாங்கிய கைடில் கேட்காமல் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். கேன்டீனில் வைத்துக் கத்தித் தீர்த்தேன். சண்டை முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, அதில் பழையவன் எங்குமே இல்லை. இந்த மனுஷனோடு, இவர் செய்த வேலைக்காக மட்டுமே போட்ட சண்டை. எனக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான்.

புதியவரிடம் பழைய கதையைச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சீக்கிரமே சொல்லிவிடுங்கள், விலாவாரியாக வேண்டாம். நான் சொன்னபோது, “சரி, அவசரமில்லை, முதலில் பிரிலிம்ஸ் முடியட்டும்” என்றார். அவர் குதித்திருந்தாலோ, உடனே பதில் சொல் என்று நெருக்கியிருந்தாலோ வேறு நூலகம் தேடியிருப்பேன்.

அம்மாவுக்குத் தெரியும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யாராவது கேள்வி போட்டால், பதில்களைப் படிக்க நானும் வருகிறேன்.