விளையாட்டே விட்டுவைத்த ஓட்டை

கேள்வி: இரு அணிகள் சுட்டு மோதும் கணினி விளையாட்டான கவுன்டர்-ஸ்ட்ரைக்கை நானும் நண்பர்களும் ஆடும்போது, மேப்பின் (ஆட்டக் களத்தின்) ஒரு மூலையில் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறினால் சுவருக்கு அப்பால் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தோம். எதிரணி இதை ஏமாற்று என்கிறது. வெளி மென்பொருள் எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை. விளையாட்டு அனுமதிப்பதைச் செய்வது எப்படிக் குற்றமாகும்?

பதில்: மென்பொருள் தடுக்கவில்லை என்பதும் விதி அனுமதிக்கிறது என்பதும் ஒன்றல்ல. அதே வேளையில், உருவாக்கியவர்கள் எண்ணிப் பார்க்காத உத்தி என்பதாலேயே அது ஏமாற்று ஆகிவிடாது. 1996-இல் வெளிவந்த குவேக் என்ற சுடும் விளையாட்டில், காலடியில் ராக்கெட்டைச் சுட்டு அந்த வெடிப்பின் வேகத்தில் உயரே தாவும் ராக்கெட் ஜம்ப் ஒரு கலையாகவே வளர்ந்தது. அதை யாரும் குறை சொல்லாததற்குக் காரணம் உண்டு: தாவுகிறவருக்குத் தம் உயிர்ப்புள்ளியில் ஒரு பங்கு போய்விடும், வெடிச்சத்தம் அவர் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும், விரும்பினால் எதிராளியும் அதையே செய்யலாம்.

உங்கள் வழக்குக்கு நெருக்கமானது 2014 நவம்பரில் சுவீடனின் யோன்ஷோப்பிங் நகரில் நடந்த ட்ரீம்ஹாக் போட்டி. காலிறுதியின் கடைசி மேப்பான ஓவர்பாஸில் வெகுவாகப் பின்தங்கியிருந்த ஃப்னாட்டிக் அணி, வீரர்களை ஒருவர்மேல் ஒருவராக ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பில் ஒருவரை நிறுத்தி, எதிரணி வரும் வழியையெல்லாம் மேலிருந்து பார்த்துச் சுட்டு 16-13 என்று வென்றது. எதிரணியான எல்டிஎல்சி முறையிட்டது. அந்த அணியும் விதிக்குப் புறம்பான ஓரிடத்தில் ஏறி நின்றது தெரியவந்ததால், மேப்பை முழுவதுமாக மறுபடி ஆடச் சொன்னார்கள். ஃப்னாட்டிக் விலகிக்கொண்டது. எல்டிஎல்சி கோப்பையையே வென்றது. அந்த இடத்தைக் கண்டுபிடித்த கூர்மையை நான் மெச்சுவேன். ஆனாலும் அந்த வெற்றி நின்றிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. சுவர் இருப்பதாக நம்பி நடக்கிறவனுக்குத் தான் எங்கிருந்து சுடப்படுகிறோம் என்றே தெரியாதபோது, அவன் எந்தத் திறமையைக் கொண்டு பதிலடி கொடுப்பான்?

ஆகவே, அந்த மூலையில் நிற்பவரை எதிரணியால் பார்க்கவும் சுடவும் முடியுமா என்று முதலில் சோதியுங்கள். முடியுமென்றால் அது வெறும் உத்தி, கூச்சமின்றி ஆடுங்கள். முடியாதென்றால், பரிசுப் போட்டியாக இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டுவிடுங்கள்; நண்பர்களுக்குள் என்றால் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். வெளி மென்பொருள் இல்லை என்ற வாதம் மட்டும் செல்லாது. பார்வையாளர் கேமரா ஓரிடத்தில் சிக்கி நிற்கும் பக் (மென்பொருள் பிழை) ஒன்றின் வழியே எதிரணியைக் கவனித்த கவுன்டர்-ஸ்ட்ரைக் பயிற்சியாளர்கள் 37 பேருக்கு 2020 செப்டம்பரில் தடை விதிக்கப்பட்டதே, அவர்களும் எதையும் நிறுவவில்லை.

கேள்வி: கடையில் வெளிப்படையாக விற்கும் கீபோர்டில் ஸ்னாப் டேப் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதும் தவறா?

பதில்: கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். குறி தப்பாமலிருக்க, ஒரு திசைக்கான விசையை விட்ட கணமே எதிர்த்திசை விசையைத் தட்டி நின்றுகொள்ள வேண்டும். இந்த விரல் பழக்கத்துக்காகப் பலர் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். முதல் விசையை விடாமலிருந்தாலும் கடைசியாக அழுத்தியதையே கணக்கில் எடுத்து, அந்த நேரக்கணிப்பை ஸ்னாப் டேப் தானே பார்த்துக்கொள்கிறது. கடையில் கிடைப்பது நியாயத்துக்குச் சான்றாகாது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கை உருவாக்கும் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் இத்தகைய தானியக்கத்தைத் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடுத்துவிட்டது. கண்டுபிடிக்கப்பட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். கீபோர்டை வீச வேண்டியதில்லை, அந்த ஒரு வசதியை அணைத்துவிட்டு ஆடினால் போதும்.