மணாலியில் பனி, குலுவில் மழை: ஒரே முன்னறிவிப்பில் இரண்டும் எப்படி?

ஜனவரியில் மணாலி செல்லவிருக்கும் தண்டையார்பேட்டை நண்பர் கேட்கிறார்: ஒரே நாளுக்கு மலையில் பனி, பள்ளத்தாக்கில் மழை, பலத்த காற்று என்கிறார்களே, எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்து வட இந்தியாவில் குளிர்கால மழையும் பனியும் கொட்டும் மேற்கத்திய இடையூறு என்ற காற்றழுத்தத் தாழ்வுதான் காரணம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. ரோத்தாங் கணவாய் ஏறத்தாழ 3,980 மீட்டர், மணாலி 2,000, குலு 1,200. மேலே பனியாகவே கிளம்புவது, பூஜ்ய டிகிரி மட்டத்தைத் தாண்டி இறங்கியதும் சில நூறு மீட்டருக்குள் உருகி மழையாகிவிடும். தலைவலி நடுவில் மாட்டிக்கொண்ட மணாலிக்குத்தான். கணிப்பு ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் பனிக்கோடு, அதாவது பனி மழையாக மாறும் உயரம், சுமார் 150 மீட்டர் ஏறும், அல்லது இறங்கும். போதாததற்கு, உருகும் பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், கொட்டித் தீர்க்கும் மழையே சில மணி நேரத்தில் பனியாக மாறுவதும் உண்டு. காற்றின் மூர்க்கம் பெரும்பாலும் முகடுகளிலும் கணவாய்களிலும்தான்.

காசிமேட்டில் துறைமுகக் கூண்டு எண்ணைக் கேட்டாலே நிலவரம் புரிந்துவிடும். மணாலிப் பக்கமோ மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்று வரும் எச்சரிக்கை மட்டும் போதாது; விடுதியின் உயரத்தை விசாரித்து, பனி எந்த உயரத்துக்கு மேல் என்று பாருங்கள்.