கடலுக்குப் போகும் மலைக்காரர்களுக்கு: ஓங்கில் (டால்பின்), கடல்பசு, படகு பற்றிய கேள்வி பதில்

சீசன் கூட்டம் இறங்கியதும் நீலகிரிக்காரர்கள் ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று கிளம்பும் நேரம் இது. பாக் விரிகுடாக் கரையில் கடல்பசு கணக்கெடுப்புப் படகுகளில் வேலை பார்த்துவிட்டுக் குன்னூரில் குடியேறியவன் நான். அதனால் கேள்விகள் என்னிடம் வருகின்றன.

ரேவதி, கோத்தகிரி: அண்ணா, ஓங்கிலைத் தொடுகிற தூரத்தில் காட்டுகிறேன் என்கிறார் ஒரு படகுக்காரர். நம்பிப் போகலாமா?

அவர் காட்டவும் கூடும். அதனால்தான் போக வேண்டாம் என்கிறேன். ஆஸ்திரேலிய நெறிமுறைப்படி படகு ஓங்கிலிடமிருந்து 50 மீட்டர், திமிங்கிலத்திடமிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு: 50 கெஜம், 100 கெஜம். நம் கடலுக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். குட்டி கூட இருந்தால் இன்னும் விலகுங்கள். ஏற்கெனவே மூன்று படகு நின்றால் நான்காவதாக நீங்கள் போக வேண்டாம். நேர் எதிரே போய் மறிப்பதும் பின்னால் துரத்துவதும் தவறு. அது போகும் திசையிலேயே, பக்கவாட்டில், மெதுவாகப் போகலாம்.

தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நின்று, வழிவிட்டு, அது நகர்ந்த பிறகுதான் போவீர்கள். கடலில் புதிதாக எதுவும் கற்க வேண்டாம் அக்கா, அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

பிரவீன், 9ஆம் வகுப்பு, குன்னூர்: ஓங்கில் தானாகவே படகுப் பக்கம் வந்து நீந்துமாமே. அப்புறம் நாம் ஏன் விலக வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. படகின் முன்னால் எழும் அலையில் ஓங்கில் சறுக்கி வருவது உண்மை. அது தானாக வந்தால் தப்பே இல்லை. படகு அதே வேகத்தில், அதே திசையில் போக வேண்டும், சட்டென்று திருப்பவோ நிறுத்தவோ கூடாது. அது போக நினைத்தால் போகட்டும், பின்தொடரக் கூடாது.

ஓங்கில் சத்தம் எழுப்பி, அதன் எதிரொலியை வைத்து மீனைத் தேடுகிறது. தங்களுக்குள் பேசிக்கொள்வதும் சத்தத்தில்தான். நாலைந்து இன்ஜின் ஒன்றாக இரைந்தால் அந்தப் பேச்சு அமுங்கிவிடும். ஓய்வெடுக்கிற நேரத்திலும் குட்டிக்குப் பால் கொடுக்கிற நேரத்திலும் படகு நெருங்கினால் பாதியில் விட்டு ஓட வேண்டியிருக்கும். ஒரு படகுக்கு ஐந்து நிமிடம்தான். ஆனால் நாள் முழுக்க வரிசையாகப் படகு வந்தால் அது எப்போது சாப்பிடும், எப்போது ஓய்வெடுக்கும்?

மேரி, கூடலூர்: கடல்பசுவைப் பார்க்க முடியுமா? குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பார்க்கலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மிகவும் கூச்சமுள்ள பிராணி. ஆழமில்லாத கடலில் கடல்புல் மேய்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மட்டும் மேலே நீட்டி மூச்சு வாங்கிவிட்டு இறங்கிவிடும். கண்ணில் படுவது ஒரு வட்டத் தண்ணீரும் கொஞ்சம் முதுகும்தான்.

ஆபத்தும் அங்கேதான். தண்ணீர் ஆழமில்லை, அது வேகமாக விலகவும் முடியாது, மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். வேகமாக வரும் படகின் அடிப்பாகமோ புரொப்பல்லரோ பட்டால் முடிந்தது கதை. வலையில் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாவதும் உண்டு. ஒரு தாய் பல வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதைச் சுமப்பதே ஒரு வருடத்துக்கு மேல். ஒன்றை இழந்தால் ஈடுகட்ட எவ்வளவு காலம் ஆகும் என்று பாருங்கள். கடல்பசு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கியதை வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் பலர் இருக்கிறார்கள். அறுந்த வலை அவர்கள் கைக்காசு. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

கடல்புல் இருக்கும் இடத்தில் படகு ஊர்ந்துதான் போக வேண்டும், நங்கூரத்தை அந்தப் புல்லில் போடவே கூடாது. குழந்தைகளுக்கு ஆவுளியா மேயும் கடலைக் காட்டுங்கள், அதுவே பெரிய விஷயம்.

சண்முகம், ஊட்டி: படகில் விலங்கு தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுகிறார்களே, ஒன்றும் ஆகாதா சார்?

ஆகும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். மேல்தளத்தில் ஆட்கள் நின்றால் படகின் எடை மேலே ஏறிவிடும், அப்போது சின்னச் சாய்வே போதும். ஓங்கில் இடப்பக்கம் தெரிந்தால் வலப்பக்கத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்தே இருங்கள். படகுக்காரர் மெதுவாகத் திருப்பினால் எல்லோருக்கும் தெரியும். ஏறும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

மீன்பிடிப் படகில் ஆசைக்கு ஏறுவது வேண்டாம். பயணிகளுக்கு அனுமதி பெற்ற படகா, எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். உள்ளூர்க்காரர் போக வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554.

நஸீமா, குன்னூர்: ஊட்டி ஏரியில் மிதிபடகுக்குக்கூட லைஃப் ஜாக்கெட் வேண்டுமா? போட்டோவில் நன்றாக இல்லை என்று பெண் கழற்றிவிடுகிறாள்.

கட்டாயம் வேண்டும், ஊட்டியிலும் பைக்காராவிலும். மலை ஏரித் தண்ணீர் குளிர்ந்தது. திடீரென்று விழுந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும், நன்றாக நீந்துபவருக்கும் கை கால் சீக்கிரம் மரத்துவிடும். எல்லா வாரையும் இறுக்கி மாட்டுங்கள். தோள் பக்கம் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காது வரை ஏறக் கூடாது. இடி கேட்டால் கரைக்கு வந்துவிடுங்கள்.

கார்த்திக், கோத்தகிரி: ஓங்கிலுக்கு மீன் போடலாமா?

கூடாது. நம் கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய ஓங்கில் படகைத் தேடி வரும், புரொப்பல்லரிலும் மாட்டும்.

லட்சுமி, ஊட்டி: ஓங்கிலோ திமிங்கிலமோ கரையில் உயிரோடு ஒதுங்கிக் கிடந்தால் உடனே கடலுக்குள் தள்ள வேண்டுமா?

ஆசை அதுதான் வரும் அம்மா, ஆனால் பொறுங்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டக் கரையில் 80க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. மக்கள் கடலுக்குள் விட்டும் சில திரும்பக் கரைக்கே வந்தன. முதலில் வனத்துறைக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்காதீர்கள். தலை உச்சியில் இருப்பது மூச்சுத் துளை, அதில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. அந்தத் துளையை மூடாமல் உடம்பில் ஈரத்துணி போர்த்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நிழல் கொடுங்கள். கூட்டத்தையும் நாய்களையும் விலக்குங்கள். வால் பக்கம் நிற்காதீர்கள், ஒரு அடியில் எலும்பு முறியும்.