பங்கர் எங்கே அமைய வேண்டும், எப்படித் தெரிய வேண்டும்?

கேள்வி: நிலவடிவமைப்பில் பட்டம் பெற்ற நான், ஒன்பது குழிகள் கொண்ட பழைய கோல்ஃப் மைதானம் ஒன்றைச் சீரமைக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். பங்கர்கள், அதாவது மணற்குழிகள், பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்கிறது நிர்வாகம். ஆட்டத்துக்குப் பொருத்தமாக இருந்தால் போதும் என்கிறார்கள் ஆட்டக்காரர்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இடத்திலிருந்து தொடங்குங்கள். தவறான இடத்தில் தோண்டிய பங்கரை எவ்வளவு வளைத்து நெளித்தாலும் அது ஒட்டவைத்த அலங்காரமாகவே தெரியும். சரியான இடத்தில் அமைந்தது, எளிய வடிவத்திலேயே கண்ணை இழுக்கும்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பங்கர்கள் இருக்கின்றன. அவற்றுள் 17ஆம் குழியின் கிரீனை (பந்தை விழவைக்கும் குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரையை) ஒட்டியுள்ள ரோடு பங்கர் பரப்பில் சிறியது. ஆனால் சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிவதால், ஆட்டத்தில் அதன் அளவு வரைபடத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. 1978 ஓபன் போட்டியில் ஜப்பானின் டாமி நகாஜிமா கிரீனிலிருந்தே பட்டரால் (பந்தை உருட்டப் பயன்படும் மட்டையால்) தட்டிய பந்து அதற்குள் உருண்டு விழுந்தது. அந்த ஒரு குழியை முடிக்க அவருக்கு 9 அடிகள் ஆயின. 2000ஆம் ஆண்டு ஓபன் இறுதிச் சுற்றில் டேவிட் டுவால் அதே பங்கரிலிருந்து வெளிவர நான்கு முறை அடிக்க வேண்டியிருந்தது. அந்தப் போட்டியில் நான்கு சுற்றுகளிலும் ஒரு பங்கரில்கூட விழாமல் ஆடிய டைகர் உட்ஸ் இரண்டாம் இடத்தைவிட 8 அடிகள் குறைவாக அடித்து வென்றார். ஆகவே, பங்கரை மட்டும் வரையாதீர்கள். அதற்கு வெளியே பத்துப் பதினைந்து அடி தூரத்துக்குத் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் சேர்த்து வரையுங்கள்.

துணிந்து பங்கரை ஒட்டி அடிப்பவனுக்கு அடுத்த அடி எளிதாக வேண்டும். ஒதுங்கி அடிப்பவனுக்கு அது சற்றுக் கடினமாக வேண்டும். இந்தக் கணக்கு இல்லாத பங்கரை நான் இருக்க விடமாட்டேன். டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, சிறிது தூரத்தில், புதிதாகப் பழகுபவரின் பந்து மட்டுமே போய் விழும் இடத்தில் ஒரு பங்கர் இருந்தால் முதலில் அதை மூடுங்கள். தூரம் போகாத அடியாலேயே அவர் ஏற்கெனவே தண்டனை பெற்றவர்.

இனித் தோற்றம். மருத்துவராக இருந்து மைதான வடிவமைப்பாளரான அலிஸ்டர் மெக்கென்சி, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது எதிரிகளான போயர்கள் தங்கள் அரண்களை நிலத்தோடு நிலமாக மறைத்த விதத்தைக் கவனித்து, அந்தப் பாடத்தைப் பங்கர்களுக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்ன், கலிபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட் ஆகிய மைதானங்களில் அவருடைய பங்கர்களின் விளிம்புகள் ஒழுங்கற்று, காற்றும் மழையும் அரித்தவை போலத் தெரியும். ராயல் மெல்போர்னில் அந்த விளிம்பு கிரீனுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு போகிறது. இடையில் நீளப் புல் பட்டை கிடையாது. முன்பக்க விளிம்பைத் தாழ்த்தி எதிர்ப்பக்கச் சுவரை உயர்த்தினால், அடிக்கும் இடத்திலிருந்தே மணல் தெரியும், சுவரின் நிழலும் விழும். கிரீனுக்கு இருபது முப்பது கஜம் முன்னால் உயர்ந்த விளிம்புடன் பங்கர் அமைத்தால், இடையிலுள்ள தரை மறைந்து, அது கிரீனை ஒட்டியே இருப்பதுபோல் தோன்றும். தூரத்தைத் தப்பாக எடைபோட்டவர் குறைவாக அடித்துவிடுவார்.

தோற்றத்தை அலுவலக மேசையில் தீர்மானிக்க முடியாது. தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, விளிம்பு உயர வேண்டிய இடங்களில் குச்சி நட்டு, டீயிலும், டீக்கும் கிரீனுக்கும் இடையிலான வெட்டிய புல்வெளியான ஃபேர்வேயிலும் நின்று பாருங்கள். காலை நிழலில் ஒருமுறை, மாலை நிழலில் ஒருமுறை பார்த்து, கோட்டைத் திருத்துங்கள்.

மணல் விஷயத்தில் நிறத்துக்கு மயங்க வேண்டாம். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் கண்கூசும் வெண்மணல், வட கரோலினாவின் ஸ்புரூஸ் பைன் பகுதிச் சுரங்கங்களில் கிடைக்கும் குவார்ட்ஸ். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பெருஞ்செலவில் வெள்ளை மணல் கொட்டுவது வீண் ஆடம்பரம் என்பதே என் கருத்து. பார்க்க வேண்டியது மணிகளின் அளவும் வடிவமும். பெரும்பகுதி 0.25 முதல் 1 மில்லிமீட்டருக்குள், முனைகளுடன் இருந்தால் மணல் இறுகி நிற்கும். உருண்டை மணிகள் என்றால், மேலிருந்து விழும் பந்து ஆஃப்பாயிலின் மஞ்சள் கரு போலப் பாதி புதைந்துவிடும். அடித்தளத்தில் சுமார் 10 சென்டிமீட்டரும், சரிவில் சுமார் 5 சென்டிமீட்டரும் மணல் போதும். சரிவில் அதிகம் கொட்டினால் முதல் பெருமழையிலேயே கீழே வந்து சேரும்.

மழை என்றதும் வடிகால். அழகான பங்கர்கள் பெரும்பாலும் கெடுவது இதனால்தான். வெளியிலிருந்து ஓடிவரும் தண்ணீர் உள்ளே நுழையாதபடி விளிம்புக்குப் பின்னால் தாழ்வான வாய்க்கால் போன்ற வளைவு ஒன்றை அமையுங்கள். அடியில் துளையிட்ட குழாயும், அதைச் சுற்றிச் சரளையும், வெளியேறும் வழியும் வேண்டும். வெளியேறும் வழி இல்லாத குழாய், தண்ணீரைப் பூமிக்கடியில் தேக்கிவைக்கும் ஏற்பாடு மட்டுமே. செங்குத்தான மணற்சுவர் எவ்வளவு அழகோ அவ்வளவு பராமரிப்பும் கேட்கும். ஆள்பலம் குறைவு என்றால், சுவரில் புல்லை வளர்த்து, மணலைத் தட்டையான அடித்தளத்தோடு நிறுத்திவிடுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் புல்கட்டிகளை அடுக்கி எழுப்பும் சுவர்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கட்டப்படுகின்றன. அந்தச் செலவை உங்கள் நிர்வாகம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தோண்டவும் வேண்டாம். இரண்டை மட்டும் முழுமையாக முடித்து, ஒரு மழைக்காலம் ஓடிய பின், எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே மணல் இறங்குகிறது, ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கமாக ஏறி இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.