வேலிக் கள்ளியும் பூஞ்சாடிக் கள்ளியும்

கேள்வி: டீச்சர், எங்கள் வளவு வேலியில் சதுரக்கள்ளி நிற்கிறது. மகள் பூஞ்சாடியில் வாங்கி வந்த கக்டஸும் பார்க்க அதே மாதிரி. இரண்டும் ஒரே குடும்பமா? இத்தனை வகைக் கள்ளிகள் எப்படி உண்டாகின?
– வாசகி, நிலாவெளி

பதில்: ஒரே குடும்பம் இல்லை, பிள்ளை. சதுரக்கள்ளிக்கு ஆமணக்கும் மரவள்ளியும்தான் சொந்தம். கக்டஸோ அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தது. முற்றத்தில் பூக்கும் பத்துமணிப்பூ அதற்குக் கிட்டிய உறவு.

முள்ளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சதுரக்கள்ளியில் விளிம்பு நெடுக முள் இரண்டிரண்டாக நிற்கும். கக்டஸில் பஞ்சு வைத்தது போன்ற சின்ன மேட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். சதுரக்கள்ளியில் கீறல் பட்டால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

உறவில்லாத இரண்டுக்கும் ஒரே உருவம் வந்தது வெயிலால். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வளவுகள் எப்படிக் காய்கின்றன! அப்படிப்பட்ட நிலத்தில் அகன்ற இலை வைத்திருந்தால் தண்ணீர் எல்லாம் ஆவியாகிவிடும். இலை சிறுத்து, தண்டு பருத்து நீரைச் சேமித்த செடிகளே தலைமுறை தலைமுறையாகத் தப்பின. மூச்சு விடுவதையும் இவை இரவுக்கு மாற்றிக்கொண்டன. இரவில் இலைத்துளை திறந்து வாங்கிய காற்றை அமிலமாக வைத்திருந்து, பகலில் துளையை மூடிக்கொண்டு உணவாக்கும். இதே பழக்கமுள்ள ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும் மாலைக்குள் புளிப்பு போய்விடுவதையும் இந்தியாவில் இருந்த தாவர ஆய்வாளர் பெஞ்சமின் ஹெய்ன் கவனித்து எழுதினார். அது 1815இல் அச்சானது. நான் வகுப்பில் அதே இலையைக் காலை ஏழு மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் நசித்து, புளிப்பின் அளவை நிறத்தால் காட்டும் பிஎச் தாளில் தொட்டுக் காட்டுவேன். இரண்டு நிறம் வரும். அந்த நேரம் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

சரி, வகைகள் பெருகியது எப்படி? கூட்டம் பிரிய வேண்டும், பிரிந்தது திரும்பக் கலக்காமல் இருக்க வேண்டும். தென்னாபிரிக்காவின் மேற்குப் பக்க வறண்ட நிலத்தில், கள்ளி இல்லாவிட்டாலும் கள்ளியைப் போலவே நீரைச் சேமிக்கும் பனிச்செடிக் குடும்பம் இருக்கிறது. அதன் விதைக்கூடு மழைத்துளி பட்டால்தான் திறக்கும். துளி அடித்துத் தெறிக்கும் விதை தாய்ச்செடியின் காலடியிலேயே விழும், தூரம் போகாது. வெள்ளைக் கல் பரவிய துண்டு நிலத்தில் ஒரு கூட்டம், பக்கத்து வெறும் மண்ணில் இன்னொரு கூட்டம். பூக்கும் காலமும் மாறிவிட்டால் மகரந்தம் கலக்க வழியில்லை. அப்புறம் இரண்டும் தத்தம் வழியில் மாறி வெவ்வேறு இனமாகின்றன. இந்தக் குடும்பத்தின் ஒரு கிளையில் மட்டும் 1,500க்கு மேற்பட்ட இனங்கள். அவை 38 முதல் 87 இலட்சம் ஆண்டுகளுக்குள் தோன்றியவை என்று 2004இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. செடிகளின் வரலாற்றில் இது மின்னல் வேகம். கக்டஸ் குடும்பத்துக்கு வயது ஏறக்குறைய மூன்றரைக் கோடி ஆண்டுகள். ஆனால் அதன் இனங்களில் பெரும்பாலானவை உலகம் வறளத் தொடங்கிய கடைசி ஒரு கோடி ஆண்டுகளில் வந்தவை.

உங்கள் வேலிக் கள்ளியில் மஞ்சளாகச் சின்னப் பூ வந்தால் வெட்டாமல் விடுங்கள். காய் பிடித்ததும் ஆமணக்கங்காயோடு வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மூன்று பிரிவு தெரியும்.