சிவபூஜைக்குக் காத்திருந்த கரடி: மறைகுடில் இரவுகள் பற்றிக் கேள்வி பதில்

ஐரோப்பியக் காடுகளில் பழுப்புக் கரடி பார்க்க மூன்று முறை போய் வந்திருக்கிறேன். ஃபின்லாந்துக்கு இரண்டு தடவை, ஸ்லோவேனியாவுக்கு ஒரு தடவை. போன மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபத்தில் படங்களைக் காட்டியபோது கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களுக்கும், அப்புறம் வாட்ஸாப்பில் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆனால் உம்குசே, ஹ்லுஹ்லுவே சரணாலயங்களில் முப்பது வருஷம் ஹைட்டில், அதாவது மறைந்திருந்து விலங்கு பார்க்கும் குடிலில், உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவன்.

டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி: "மாமா, சிங்கம், யானை எல்லாம் இருக்கிற ஆப்பிரிக்காவில் கரடி மட்டும் ஏன் இல்லை?"

இருந்தது தம்பி. மொராக்கோ, அல்ஜீரியா பக்கம் அட்லஸ் மலைகளில் 19ஆம் நூற்றாண்டு வரை பழுப்புக் கரடி வாழ்ந்தது. பிறகு அழிந்துபோனது. நம் நாட்டிலேயேகூட ஒரு காலத்தில் கரடி இருந்திருக்கிறது. கேப் மேற்குக் கரையில் சால்டான்ஹாவுக்குப் பக்கத்தில் லாங்கபான்வெக் என்ற இடத்தில் பாஸ்பேட் சுரங்கம் தோண்டியபோது கிடைத்த எலும்புகளில் அக்ரியோதீரியம் என்ற பெரிய கரடியின் எலும்பும் உண்டு. வயது சுமார் 50 லட்சம் ஆண்டு. அந்த இடம் இப்போது வெஸ்ட் கோஸ்ட் ஃபாசில் பார்க். கேப் டவுன் போனால் மேசை மலையோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு எட்டு போய் வாருங்கள்.

லாடியத்திலிருந்து ஒரு அக்கா: "ராத்திரி முழுக்க அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து என்னதான் செய்வீர்கள்?"

பெரும்பாலும் ஒன்றுமே செய்யமாட்டோம் அக்கா. அதற்குத்தான் காசு.

ஃபின்லாந்தில் குஹ்மோ என்ற ஊர்ப்பக்கம், ரஷ்ய எல்லையை ஒட்டிய காடு. மாலை ஐந்து மணிக்கு வழிகாட்டி கூட்டிப்போவார். சதுப்பில் போட்ட பலகைமேல் ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நடக்க வேண்டும். குடில் என்பது ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் நீளமான கண்ணாடி, அதற்குக் கீழே கேமரா லென்சை நீட்டத் துணி தைத்த ஓட்டை, பின்பக்கம் அடுக்குக் கட்டில், மூலையில் தண்ணீர் இல்லாத கழிவறை. வழிகாட்டி சால்மன் மீன் கழிவைக் கற்களுக்கு அடியிலும் மரக்கட்டைகளுக்குப் பின்னாலும் ஒளித்துவைத்துவிட்டுப் போய்விடுவார். காலை ஏழு, எட்டு மணிக்குத்தான் திரும்பி வருவார். நடுவில் நாம் கதவைத் திறக்கக் கூடாது.

முதலில் கடற்காகங்களும் அண்டங்காக்கைகளும் வந்து பந்திக்கு முந்தும். ஒருமணி நேரம் ஒரே கூச்சல். திடீரென்று காக்கைகள் எல்லாம் எழும்பி மரத்தில் உட்காரும். அப்போதுதான் மனசு அடித்துக்கொள்ளும். பைன் மரங்களுக்கு நடுவே இருந்த நிழல் ஒன்று நிழல் இல்லை என்று தெரியவரும். இத்தனை பெரிய உடம்பு காய்ந்த குச்சிகள்மேல் சத்தமே இல்லாமல் நடந்து வருவதைப் பார்த்தால்தான் நம்ப முடியும். மூக்கைத் தூக்கிக் காற்றை நாலு தடவை இழுக்கும். நாம் உள்ளே இருப்பது அதற்குத் தெரியும், அதில் சந்தேகமே வேண்டாம். கரடியின் மூக்கை ஏமாற்ற முடியாது. பழகிய வாசனை, தொந்தரவில்லாத வாசனை என்று முடிவுசெய்த பிறகுதான் முன்னே வரும்.

ஜூன் மாதம் அங்கே இருட்டு என்பதே கிடையாது. சூரியன் இரவு பதினொரு மணிவாக்கில் இறங்கி மூன்று மணிவாக்கில் ஏறிவிடும். நடுவிலும் செய்தித்தாள் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்கும். தூங்கவும் மனசு வராது. இரண்டாவது இரவு மூன்று குட்டிகளோடு ஒரு தாய் வந்தது. கொஞ்ச நேரத்தில் காட்டின் மறுபக்கம் ஒரு பெரிய ஆண் தலையைக் காட்ட, தாய் மூச்சை 'ஹுஃப்' என்று விட்டது. குட்டிகள் மூன்றும் அணில் மாதிரி பைன் மரத்தில் ஏறிவிட்டன. ஆண் கரடி போகிறவரைக்கும் தாய் மரத்தடியை விட்டு நகரவில்லை. மற்றவரின் குட்டிகளை ஆண் கரடி கொன்றுவிடும். அது தாய்க்குத் தெரியும். அந்த நாற்பது நிமிஷமும் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. கேமரா மடியில் இருந்தது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது: முதல் இரவு எனக்குக் கரடியே வரவில்லை. விடிகாலையில் வால்வரின் ஒன்று வந்து மீன் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நீர்நாய்க்கு உறவு, நடுத்தர நாய் அளவு, நடையிலேயே திருட்டுமுழி. அதனால் போகிறவர்கள் ஒரே இரவுக்குப் பணம் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்து வேண்டாதீர்கள். குறைந்தது இரண்டு இரவு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர்: "தீனி போட்டு வரவழைப்பதை எப்படிக் காட்டு விலங்கு பார்ப்பது என்று சொல்வீர்கள்? மிருகக்காட்சி சாலை மாதிரிதானே?"

இந்தக் கேள்வி என்னையும் உறுத்தியதுதான். உங்கள் ஊரிலிருந்து டிராகன்ஸ்பெர்க் பக்கம்தானே? ஜயன்ட்ஸ் காசிலில் கழுகு பார்க்கும் ஹைட்டுக்குப் போயிருப்பீர்கள். அங்கேயும் எலும்பும் இறைச்சியும் போட்டுத்தான் தாடிக் கழுகை வரவைக்கிறார்கள். அதை நாம் யாரும் மிருகக்காட்சி சாலை என்று சொல்வதில்லை. கூண்டு இல்லை, வேலி இல்லை, வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

ஆனால் இரண்டும் சரிசமம் என்று சொல்லமாட்டேன். கழுகு ஊருக்குள் வந்து குப்பைத்தொட்டியைக் கவிழ்ப்பதில்லை. கரடி கவிழ்க்கும். மனிதனையும் சாப்பாட்டையும் கரடி சேர்த்து நினைக்க ஆரம்பித்தால் கடைசியில் சாவது கரடிதான். ருமேனியாவில் டிரான்ஸ்ஃபகராசான் மலைச்சாலையில் காரை நிறுத்தி ஜன்னல் வழியாக பிஸ்கட் நீட்டுகிறார்களே, கரடிகளும் சாலையோரம் பிச்சைக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கின்றனவே, அதுதான் பாவம். கேப் பாயின்ட்டில் பபூன் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டியவர்கள் செய்த அதே காரியம். ருமேனியாவில் 2024-ல் ஒரு மலையேறியைக் கரடி கொன்ற பிறகு, நாடாளுமன்றம் கூடி அந்த ஆண்டு சுடலாம் என்று அனுமதித்த எண்ணிக்கை 481. அதற்கு முந்தைய ஆண்டு 220.

நல்ல மறைகுடிலில் கரடி மனிதனைப் பார்ப்பதில்லை, மனிதன் கையால் வாங்குவதும் இல்லை. தீனியும் வயிறு நிறைகிற அளவு இருக்காது, வாய்க்கு ருசி காட்டுகிற அளவுதான். அதனால் பதிவு செய்யும்முன் நான் மூன்று விஷயம் கேட்பேன்: என்ன போடுகிறீர்கள், எவ்வளவு போடுகிறீர்கள், ஊர் எவ்வளவு தூரம். முறையாக நடத்துகிறவர் கோபப்படாமல் பதில் சொல்வார். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

மெரிபேங்கிலிருந்து: "கரடி கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டால்?"

நான் இருந்தவரை வரவில்லை. சாதாரண மரக்குடில்தான், கோட்டை இல்லை. ஆனால் வெளியே மீன் கிடக்கும்போது உள்ளே இருக்கும் ஓய்வு பெற்ற வாத்தியார் எதற்கு? ஃபின்லாந்தில் கரடி ஆளைக் கொல்வது மிக மிக அபூர்வம். 1998-ல் ருவோகொலாஹ்தியில் காட்டுப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் இறந்ததை அங்குள்ளவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

ஒரு சுவையான விஷயம். பழைய ஃபின்லாந்துக்காரர்கள் காட்டில் கரடியின் பெயரைச் சொல்லமாட்டார்களாம். 'மெசிகாம்மென்' என்பார்கள். தேன் கை என்று அர்த்தம். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். ராத்திரியில் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்று சொன்ன என் ஆத்தா அங்கே பிறந்திருந்தாலும் சௌகரியமாக இருந்திருப்பார்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை: "தமிழ்நாட்டுக் கரடியும் இதுவும் ஒன்றா அண்ணா?"

இல்லைம்மா. நம் தாத்தா பாட்டி கரடி என்று சொன்னது தேன்கரடியை. கறுப்பு, சடைமுடி, நெஞ்சில் வெள்ளை வளைவு, கறையான் உறிஞ்சித் தின்ன நீண்ட உதடு. அது குளிர்காலத் தூக்கம் போடுவதில்லை. ஆளைக் கண்டால் திடீரென்று பாயும் குணமும் அதற்குத்தான் அதிகம்.

அதே தங்கை: "எந்த மாதம் போவது?"

ஏப்ரல் கடைசி, மே: குகையைவிட்டு வெளியே வரும் நேரம், பனி மிச்சமிருக்கும். ஜூன், ஜூலை: வெளிச்சம், இணைசேரும் காலம், சண்டை சச்சரவு. கூடவே கொசு. நம் உம்குசே கொசு மாதிரி மலேரியா தராது, ஆனால் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்காது. ஆகஸ்ட், செப்டம்பர்: காட்டுப்பழம் தின்று கொழுத்து உருண்டையாக இருக்கும், இலைகள் நிறம் மாறும், ராத்திரி இருட்டிவிடும். அக்டோபரில் படுக்கப் போய்விடும்.

படுக்கப் போன பிறகுதான் உண்மையான அதிசயம். ஜூனில் சேர்ந்தாலும் கரு உடனே வளராது. கார்த்திகை வாக்கில், தாய் குகைக்குள் போன பிறகுதான் கருப்பையில் ஒட்டும். உடம்பில் கொழுப்பு போதவில்லை என்றால் ஒட்டாமலே போய்விடும். ஜனவரி வாக்கில் குட்டி பிறக்கும்போது எடை அரைக் கிலோதான். தாயோ நூறு கிலோவைத் தாண்டியவள். சோறு தண்ணீர் இல்லாமல் அவள் பால் கொடுக்கிறாள். மண்டபத்தில் இதைச் சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் மட்டும் தலையாட்டினார்கள்.

வெருலத்திலிருந்து: "நான் சைவம். புரட்டாசியில் போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?"

முன்கூட்டியே சொல்லிவிட்டால் ரொட்டி, சீஸ், சூப் என்று கட்டிக் கொடுப்பார்கள். உப்புச் சப்பு இருக்காது. ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய நம் ஊர் பீன்ஸ் பன்னி சௌ கனவில் வரும். அது பன்னியும் இல்லை, பன்றியும் இல்லை என்று ஒரு சென்னைக்காரருக்கு விளக்கிய கதை வேறு. ஊறுகாய் சின்ன பாட்டிலில் கொண்டுபோங்கள், ஆனால் தங்கும் விடுதியிலேயே திறந்து முடித்துவிடுங்கள். ஊதுபத்தி, அத்தர், சென்ட் எதுவும் குடிலுக்குள் வேண்டாம்.

முறுக்கும் வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஸ்லோவேனியாவில் அந்திநேரம், முப்பது அடி தூரத்தில் ஒரு இளங்கரடி. பசியில் யோசிக்காமல் ஒன்றைக் கடித்தேன். அந்த நிசப்தத்தில் அது பட்டாசு. கரடி பாய்ந்து ஓடிவிட்டது. கூட இருந்த ஐந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிவபூஜைக்குள் நுழைந்த கரடி யார் என்று புரிந்துவிட்டது.

லெனேசியாவிலிருந்து: "செலவும் விசாவும்?"

'பச்சை மாம்பா' என்று நாம் சொல்லும் நம் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விசா கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை விடாதீர்கள். குடிலில் ஓர் இரவு இருநூறு யூரோவைச் சுற்றி வரும். யூரோவுக்கு இருபது ராண்ட் என்று பெருக்கிக்கொள்ளுங்கள், பெருக்கிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். விமானச் செலவுதான் பெரிது. கையில் பணம் இறுக்கம் என்றால் முதலில் க்ரூகர் பூங்காவின் ஃபலபோர்வா வாசலுக்குப் பக்கத்தில் சேபிள் அணை ஹைட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். காட்டு நடுவே இருட்டில் காத்திருப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டைப் பார்த்த நமக்கு இருட்டு ஒரு பொருட்டா?

ஒரு மகள்: "அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு எட்டு வயது. கூட்டிப் போகலாமா?"

அம்மாவைக் கூட்டிப் போகலாம். சில குடில்களுக்கு வண்டி பக்கத்திலேயே போகும், கேட்டுப் பதிவு செய்யுங்கள். கட்டில் கீழ்த்தட்டு கேட்டு வாங்குங்கள். பையனுக்கு ஃபின்லாந்து இப்போது வேண்டாம். ஸ்லோவேனியாவில் சாயங்காலம் மூன்று நாலு மணி நேரம் மட்டும் உட்காரலாம். அதற்கு முன்னால் உம்குசேயில் குமசிங்கா ஹைட்டில், ஜூலை ஆகஸ்டில் தண்ணீர் வற்றும்போது, இரண்டு மணி நேரம் பேசாமல் உட்காருகிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடாத சீட்டு: "எனக்குக் குறட்டை உண்டு. போகலாமா?"

என் குடிலில் ஒரு பெரியவர் பலமாக விட்டார். கரடி தலையைத் தூக்கிக் கேட்டது, யோசித்தது, மறுபடியும் தின்னத் தொடங்கியது. கரடிக்கு ஆட்சேபணை இல்லை. இருவர் குடில், தனியாள் குடில் என்றும் வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைப் பார்த்தால் யார் என்று தெரிகிறது. உங்களோடு ஒரே குடிலுக்கு நான் வரமாட்டேன்.